ஒன்பது பாத்திரங்களும் ஒரு மளிகைச் சீட்டும்

பின்னணி

இதில் வருகிறவர் திருச்சியில் வசிக்கும் ஒரு பெண். 46 வயது, கணக்கு எழுதும் வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே அலுவலகம். பிளஸ் டூ படிக்கும் மகள் ஒருத்தி. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தனியாக இருந்த அவருடைய அம்மா பங்குனியில் காலமானார். வீட்டை விற்பதென்று இவரும் இவருடைய அண்ணனும் முடிவு செய்து, ஆவணியில் ஒரு சனி ஞாயிறு போய்ப் பரணைக் காலி செய்தார்கள். நான் அவருக்குப் பக்கத்துத் தெரு. அட்டைப் பெட்டி செய்வது, காகிதம் ஒட்டுவது மாதிரியான கைவேலை எனக்குப் பல வருடப் பழக்கம். அந்த வழியில்தான் இதற்குள் வந்தேன். அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

பரணிலிருந்து இறங்கியதில் அண்டா, தவலை, குத்துவிளக்கு எல்லாம் அண்ணன் வீட்டுக்குப் போயின. மிச்சத்தைப் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் அண்ணன். அதையும் குறை சொல்ல முடியாது, இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் பரண் ஏது? இவர் ஒன்பது சாமான்களை மட்டும் ஒதுக்கிக்கொண்டார். ஒரு சதுர பிஸ்கட் டின், வட்டமான காபித்தூள் டின் இரண்டு, மரத்தால் ஆன அஞ்சறைப் பெட்டி, நாலு அடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர், பித்தளை உழக்கு, ஈயச்சொம்பு, கல்சட்டி, பச்சைப் பெயின்ட் அடித்த தகர மாவு டின்.

கூடவே ஒரு துணிக்கடைப் பை நிறையக் காகிதம். அம்மா எழுதிய மளிகைச் சீட்டுகள், நீல இன்லண்டு கடிதங்கள், பழைய பஞ்சாங்கம் இரண்டு, மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள், சிவகாசி காலண்டர் படங்கள்.

யோசனை அவருடையதுதான். வேலை செய்யும் மேசையில் பேனா ஒரு பக்கம், சார்ஜர் ஒயர் ஒரு பக்கம் என்று கிடந்தது. பாத்திரங்களின் மேல் அந்தக் காகிதங்களை ஒட்டி, மேசையில் வைக்கிற சாமான்களாக மாற்ற வேண்டும். டெக்கூபாஜ் என்று இதற்குப் பெயர். வெட்டுவது என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. படத்தை வெட்டி ஒட்டி, மேலே பல கை வார்னிஷ் பூசி, காகிதத்தின் விளிம்பு கையில் தட்டாதபடி செய்வது. 18-ஆம் நூற்றாண்டு வெனிஸில், கிழக்கிலிருந்து வந்த அரக்கு வேலைப்பாட்டு மரச்சாமான்களை வாங்க வசதி இல்லாதவர்களுக்காக, அச்சுப் படங்களை ஒட்டி அதே தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள். நமக்கும் இது ஒன்றும் அந்நியம் இல்லை. டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் லட்சுமி படம் ஒட்டி வைத்திருந்த பாட்டிகள் வார்னிஷ் மட்டும்தான் அடிக்கவில்லை.

முதல் முயற்சி: பிஸ்கட் டின்

புரட்டாசி முதல் வாரம், என்னிடம் கேட்காமல் அவரே ஆரம்பித்துவிட்டார். வீடியோ ஒன்றில் பார்த்தபடி பிஸ்கட் டின்னை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்தார். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து, பிரஷ்ஷால் பூசி, காகிதங்களை ஒட்டினார். மூடியின் நடுவில் ஒட்டியது அம்மாவின் கையெழுத்தில் இருந்த ஒரு மளிகைச் சீட்டு. அசல் சீட்டு, நகல் இல்லை.

ஒட்டிய காகிதத்தின் மேல் பிரஷ்ஷை இழுத்த அடுத்த நிமிஷமே இங்க் கரைய ஆரம்பித்தது. அம்மா எழுதியது மைப்பேனாவில். பழைய நீல மையில் சாயம் தண்ணீரில் கரையும், அறுபது வருடம் ஆனாலும் கரையும். 'துவரம்பருப்பு 2 கிலோ' என்ற வரி நீலக் கறையாகி, 'வெல்லம்' பாதி போய், கடைசியில் அடியில் இருந்த கூட்டல் மட்டும் நின்றது. பதறிப்போய்த் துணியால் ஒற்றி எடுத்ததில் அதுவும் போயிற்று.

மறுநாள் காலையில் இன்னொன்று. ஒட்டாமல் விட்டிருந்த இடத்திலும், காகிதம் மெல்லியதாக இருந்த இடத்திலும் பழுப்புப் புள்ளிகள். அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, துரு எல்லாத்தையும் தேய்ச்சு எடுத்துட்டுத்தானே ஒட்டினேன், எப்படி வரும்?" என்றார்.

தேய்த்ததுதான் காரணம். பிஸ்கட் டின் என்பது இரும்புத் தகடு; அதன் மேல் மிக மெல்லிய வெள்ளீயப் பூச்சு. அந்தப் பூச்சு முழுசாக இருக்கும்வரை இரும்பு பத்திரம். கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலோ, சும்மா இருக்கும் இரும்பைவிட அந்த இடம் சீக்கிரம் துருப்பிடிக்கும். அவர் முழு டின்னின் பூச்சையும் உப்புத்தாளால் வழித்துவிட்டு, அதன் மேல் தண்ணீர்ப் பசையைத் தடவியிருந்தார். ஒரு ராத்திரி போதுமானதாக இருந்தது.

சீட்டு போனதைப் பற்றி அவர் அன்று அதிகம் பேசவில்லை. அடுத்த இரண்டு வாரம் எதையும் தொடவும் இல்லை.

நிறுத்தி வைத்துப் பிரித்தது

புரட்டாசி கடைசியில் மறுபடி உட்கார்ந்தோம். முதலில் செய்த வேலை, ஒன்பதையும் தரையில் பரப்பி எதில் ஒட்டலாம், எதில் கூடாது என்று பிரித்தது. அவருடைய சித்தியும் அன்று வந்திருந்தார். முடிவுகளில் பாதி சித்தியோடு வாக்குவாதம் செய்து எடுத்தவை.

உழக்கு முதலில் வந்தது. அவருக்கு அதைப் பேனா ஸ்டாண்டு ஆக்க ஆசை, அளவும் சரியாக இருந்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது விளிம்புக்குக் கீழே அரசு முத்திரை, அதற்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் அவருடைய பாட்டியின் பெயர். 1956-இல் சட்டம் வந்து, 1960-களின் தொடக்கத்தில் லிட்டரும் கிலோவும் கட்டாயமாகும்வரை கடையில் புழங்கியது படியும் உழக்கும்தான். நாலு உழக்கு ஒரு படி. அளவு சரியென்று அதிகாரி குத்திய முத்திரை அது. அதன் மேல் காகிதம் ஒட்டினால் முத்திரையும் மறையும், பெயரும் மறையும். பின்னால் பிரித்தெடுத்தாலும் உப்புத்தாள் கீறல் பித்தளையில் நிற்கும். "பேரு வெட்டின பாத்திரத்து மேல பேப்பர் ஒட்டுவாளா யாராவது?" என்றார் சித்தி. ஒட்டவில்லை. புளி போட்டுத் தேய்த்து அப்படியே வைத்துக்கொள்வதென்று முடிவானது.

ஈயச்சொம்பும் கல்சட்டியும் சீக்கிரம் முடிந்தன. ஈயச்சொம்பு சுத்த வெள்ளீயம், நகத்தால் அழுத்தினால் தடம் விழும் அளவுக்கு மெத்து. அதில் உப்புத்தாள் வைப்பதே அநியாயம். தவிர, இன்னும் ரசம் வைக்கலாம். கல்சட்டி பல வருட எண்ணெயைக் குடித்திருந்தது. அதன் மேல் எந்தப் பசையும் நிற்காது. இரண்டும் சமையலறைக்கே திரும்பின.

பச்சை மாவு டின்னில்தான் நான் பிடிவாதமாக இருந்தேன். வடிவம் அழகு, காகிதம் ஒட்ட வாகான தட்டையான பக்கங்கள். ஆனால் பெயின்ட் உரிந்து செதில் செதிலாக நின்றது. இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் காரீயம் (உடம்பில் சேர்ந்தால் நஞ்சு) பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பறக்கும். மேலோட்டமாகப் பூசி மூடலாம்தான், ஆனால் உரிகிற பெயின்டின் மேல் பூசினால் எல்லாம் சேர்ந்தே உரியும். அதைப் பையில் கட்டி ஓரமாக வைத்தோம். (ஈயச்சொம்பு ஈயம் வேறு, பெயின்ட் ஈயம் வேறு என்று மகளுக்கு விளக்க அரை மணி நேரம் ஆனது. வெள்ளீயம், காரீயம் என்று முன்னோர் பிரித்து வைத்த பெயர் இன்று ஒற்றை 'ஈயம்' ஆகிவிட்டதால் வருகிற குழப்பம்.)

ஆக, ஒட்டுவதற்கு மிஞ்சியவை ஐந்து: பிஸ்கட் டின், காபித்தூள் டின்கள் இரண்டு, அஞ்சறைப் பெட்டி, டிபன் கேரியர்.

காகிதத்துக்கு ஒரே விதி வைத்தோம். அசல் எதுவும் பசைக்குப் போகாது. எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கடையில் 70 ஜி.எஸ்.எம். தாளில் கலர் நகல் எடுத்தோம். வீட்டில் இருந்த இங்க்ஜெட் பிரின்டரை வேண்டுமென்றே தவிர்த்தோம். அதன் மையும் மைப்பேனா மை மாதிரியே பசையில் கரையக்கூடியது. ஜெராக்ஸிலும் லேசர் பிரின்டிலும் தாளில் ஒட்டுவது பிளாஸ்டிக் தூள், தண்ணீருக்கு அசையாது. இருந்தாலும் ஒரு துண்டை ஈரம் செய்து விரலால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் நம்பினார். சூடு கண்டவர்.

அஞ்சறைப் பெட்டி சிவந்தது

அஞ்சறைப் பெட்டியின் உள்ளே மஞ்சள், வெந்தயம், பெருங்காய வாசனை. மரத்தின் துளைகளில் எண்ணெய்ப் பிசுக்கு. அதைப் போக்க, நான் வருவதற்குள் அவர் சலவைச் சோடாவைச் சுடுநீரில் கரைத்து ஒரு அறையைக் கழுவிவிட்டார். மஞ்சள் இருந்த அறை. ஐந்து நிமிஷத்தில் மரம் ரத்தச் சிவப்பானது.

போனில் குரல் நடுங்கியது. நேரில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆரத்தி கரைக்கிற எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். காரத்தன்மை உள்ள எதைச் சேர்த்தாலும் சிவக்கும், சோடாவும் அதில் ஒன்று. ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தேய்த்ததும் சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது. மஞ்சளைப் போக்க வெயில்தான் மருந்து. மஞ்சள் கறை பட்ட வேட்டி கொடியில் வெளுப்பதைப் பார்த்திருப்போம். மூடியைத் திறந்து மொட்டை மாடியில் நாலு நாள் வைத்ததில் இளம் சந்தன நிறத்துக்கு வந்தது. அதற்கு மேல் போகவில்லை, நாங்களும் விட்டுவிட்டோம்.

எண்ணெயையும் வாசனையையும் அடைக்க, பாலிஷ் போடுகிறவர்கள் வைத்திருக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து இரண்டு கை பூசினோம். ஸ்பிரிட்டிலும் மஞ்சள் கரையும் என்பதால் முதல் கையில் பிரஷ் மஞ்சளாகியது. இரண்டாவது கைக்கு வேறு பிரஷ் எடுத்தோம். பெருங்காய வாசனை மட்டும் முழுதாகப் போகவில்லை. அது எங்களுக்குக் குறையாகவும் படவில்லை.

உள்ளறைகளில் எதையும் ஒட்டவில்லை. கிளிப், பின், ரப்பர் பேண்டு தினமும் உரசும் இடம் அது. மூடியின் மேல் மட்டும் பஞ்சாங்கப் பக்கம் ஒன்றின் நகல், நடுவில் காலண்டர் முருகனின் மயில் மட்டும். சாமி முகத்தை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. கையும் கோப்பையும் படுகிற மேசையில் சாமி படம் வேண்டாம் என்றும் தோன்றியது.

டின்களும் டிபன் கேரியரும்

துருவேறிய பிஸ்கட் டின்னில் இருந்த காகிதத்தை ஈரத்துணி போட்டு ஊறவைத்து உரித்தோம். துருவை ஸ்டீல் நாரால் தேய்த்து, உடனே துடைத்து, வெயிலில் சூடேற்றி, ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற ரெட் ஆக்சைடு மெட்டல் பிரைமர் இரண்டு கை. நடுவில் ஒரு நாள் இடைவெளி. பிரைமரின் செம்மண் நிறம் காகிதத்தின் வழியே தெரியும் என்பதால் மேலே வெள்ளைப் பெயின்ட் ஒரு கை. அப்புறம்தான் காகிதம். காபித்தூள் டின்களில் பூச்சு முழுசாக இருந்ததால் அவற்றைக் கீறவே இல்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து, நேராகப் பிரைமர்.

டிபன் கேரியருக்குத்தான் மூளை செலவானது. எவர்சில்வர் வழுக்கும், அதைக் கொஞ்சமாவது சொரசொரப்பாக்காமல் எதுவும் பிடிக்காது. அது துருப்பிடிக்காது என்பதால் இங்கே உப்புத்தாள் போடலாம், 220 நம்பரில் தேய்த்தோம். பிரச்சினை வடிவத்தில். ஒரு அடுக்கின் அடி இன்னொன்றின் வாய்க்குள் இறுக்கமாக உட்கார வேண்டும். பிரைமர், பெயின்ட், காகிதம், வார்னிஷ் எல்லாம் சேர்ந்தால் ஒரு தாளுக்கு மேல் கனம், உட்காராது. பக்கவாட்டில் பிடியின் சட்டம் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் அடுக்குகளை உரசும். முதல் அடுக்கைச் சுற்றிலும் முழுக்க ஒட்டிப் பார்த்தோம். மூன்றாவது முறை கழற்றியபோது சட்டம் காகிதத்தை நாடா மாதிரி உரித்துக்கொண்டு வந்தது.

அதனால் வாயிலும் அடியிலும் கால் அங்குலம், சட்டம் போகிற இரண்டு பக்கமும் விரல் அகலம், வெறும் ஸ்டீலாக விட்டோம். முன்னும் பின்னும் மட்டும் காகிதம். கேரியரிலும் பெயர் இருந்தது; அவருடைய அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த பரிசு, கொடுத்தவர் பெயரோடு. மேல் அடுக்கில் அந்தப் பெயரைச் சுற்றி ஒரு ஜன்னல் விட்டு ஒட்டினோம். வெளியில் நிற்கும் ஸ்டீலும் உள்ளே இருக்கும் காகிதமும் சேர்ந்து, திட்டமிட்டுச் செய்த மாதிரியே அமைந்துவிட்டது.

சுருக்கம் விழாமல் ஒட்டுவது பற்றிக் கேட்பவர்கள் நிறைய. தாள் நனைந்தால் நீளும். காய்ந்த தாளைப் பசை மேல் வைத்தால் ஒட்டிய பிறகு நீண்டு சுருங்கி நிற்கும். தாளின் இரண்டு பக்கமும் பசை தடவி ஒரு நிமிஷம் நீளவிட்டு, பிறகு வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் தள்ள வேண்டும். வட்ட டின்னின் தோள் வளைவில் தாளின் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டினோம், தையல்காரர் கழுத்துப் பட்டிக்கு வெட்டுவது போல.

ஐப்பசி மழை

எல்லாம் ஒட்டிக் காய்ந்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. காத்திருக்கலாம் என்றேன். தீபாவளிக்கு அண்ணன் குடும்பம் வரும், காட்ட வேண்டும் என்றார் அவர். நான் வலியுறுத்தவில்லை. இந்தத் தவறு என்னுடையது.

நீர் கலந்த அக்ரிலிக் வார்னிஷ், ஒரு நாளில் மூன்று கை. வெளியே மழை. மூன்றாவது கை பால் மாதிரி வெளுத்தது. உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற முடியாமல் நின்றதன் அடையாளம் அது. தொட்டால் காய்ந்த மாதிரி இருந்ததால் பிஸ்கட் டின்னை மூடி அலமாரியில் வைத்தார். தீபாவளியன்று மூடியைத் திறந்தபோது வார்னிஷோடு காகிதமும் ஒரு ஓரம் உரிந்து மூடியில் ஒட்டிக்கொண்டது. மேலே காய்வது வேறு, உள்வரை இறுகுவது வேறு. இரண்டாவதற்கு வாரக்கணக்கில் ஆகும், மழைக்காலத்தில் இன்னும் கூடுதல்.

மற்றவற்றை மூடாமல், ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல், ஃபேன் காற்றில் மார்கழி வரை விட்டோம். வெளுப்பு பெரும்பாலும் தானே தெளிந்தது. தையில் இரண்டு கை கூடுதலாகப் பூசி முடித்தோம்.

இப்போதைய நிலை

எட்டு மாதம் ஆகிறது. டிபன் கேரியரின் நாலு அடுக்கும் மேசையில் வரிசையாக, சார்ஜர், ஸ்டேப்லர், ரசீது, மகளின் ஹைலைட்டர் பேனா என்று ஆளுக்கொன்று. அஞ்சறைப் பெட்டி நன்றாக உழைக்கிறது. காபித்தூள் டின்களில் ஒன்றின் அடியில் தண்ணீர்க் கோப்பை வைத்த ஈரத்தில் ஒரு கொப்புளம். அதை அப்படியே விட்டிருக்கிறார். பிஸ்கட் டின்னின் கிழிந்த ஓரத்தில் வேறு தாள் ஒட்டியது உற்றுப் பார்த்தால் தெரியும். பச்சை டின் இன்னும் பையில்தான் இருக்கிறது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

உழக்கில் ஸ்கேலும் பென்சிலும் நிற்கின்றன. பொங்கலுக்கு வந்த சித்தி அவற்றை மேசையில் கொட்டிவிட்டு, உழக்கைக் கழுவிப் பொங்கலுக்கு அரிசி அளந்தார். காகிதம் ஒட்டியிருந்தால் முடிந்திருக்காது.

மறுபடி செய்தால்

அவரிடமும் என்னிடமும் தனித்தனியாகக் கேட்டால் வேறு வேறு பதில் வரும். நான் ஆவணியிலேயே, வெயில் இருக்கும்போதே வார்னிஷ் வேலையை முடித்திருப்பேன். இல்லையென்றால் தை வரை தள்ளியிருப்பேன். டின்களை உப்புத்தாள் தொட விட்டிருக்க மாட்டேன். டிபன் கேரியரில் பெயின்டைத் தவிர்த்து, பிரைமரின் மேலேயே வெள்ளைத் தாள் ஒரு அடுக்கு ஒட்டியிருப்பேன், கனம் குறையும்.

அவருக்கு ஒன்றே ஒன்றுதான். ஊரிலிருந்து வந்த அன்றே அந்தப் பையைத் திறந்து, எல்லாக் காகிதத்தையும் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோயிருப்பாராம். இப்போது மிச்சம் இருக்கும் மளிகைச் சீட்டுகள் பதினொன்று. நகல் எடுத்து, அசலை உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார். கரைந்துபோன பன்னிரண்டாவதில் என்னென்ன இருந்தது என்று நினைவிலிருந்து ஒரு தாளில் எழுத முயன்றார். ஏழு சாமான் வரை வந்தது.